பாஷை தெரியாட்டி பிள்ளை என்ன செய்யும்?



அன்னை திரேசாவின் தாய்மொழி அல்பேனியன். 1929இல் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் வங்காளம் படித்தார். 1948இல் கல்கத்தாவில் மோதிஜீல் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கியபோது கட்டடமில்லை, கரும்பலகையுமில்லை. குச்சியால் மண்ணில் எழுத்துப் போட்டுக் காட்டினார். பாஷையும் வேணும், கையும் பேசணும்.

சிங்களம் மட்டும் பேசும் டாக்டரிடம் போனால் நம்ம பிள்ளைகளில் சிலர் பயந்து வாய் திறப்பதில்லை. எங்க வலிக்குதுன்னு சொல்லாவிட்டால் வருத்தம் முற்றிவிடும். எனவே வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். "மெதன ரிதெனவா", அதாவது "இங்க வலிக்குது" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.

தாய்மார் கூடவே நில்லுங்கள். பிள்ளையின் பேரை டாக்டருக்கு முதலில் சொல்லுங்கள். தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.