ஊடுகதிரும் புரத உருவமும்

மருத்துவமனையில் எடுக்கப்பெறும் எக்ஸ்ரேப் படத்தை நினைந்து, புரதத்தின் உருவையும் அவ்வாறே படம்பிடிக்கின்றனர் என்று கருதுவார் பலர். ‘ஊடுகதிர்’ என்னும் நம் சொல்லும் அம்மயக்கத்துக்கு ஓரளவு இடந்தருகிறது. எலும்புப்படம், ஊடுருவிச் சென்ற கதிர் காட்டும் நிழல். ஈண்டு வேண்டப்படுவதோ சிதறிய கதிரேயாம்.

அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவும் இக்கதிரின் அலைநீளமும் ஏறத்தாழ ஓரளவின. சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கினை ஒட்டியவை. ஒரு மூலக்கூறு சிதறும் கதிர் மிக நலிந்ததாகலின், எண்ணற்ற மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுங்கிய படிகம் வேண்டும். 1934-இல் பெர்னாலும் டாரத்தி குரோபுட்டும் பெப்சின் படிகத்தை உலரவிடாது, அது விளைந்த நீர்மத்தோடே வைத்து ஆய்ந்தபொழுது தெளிவான புள்ளிகள் தோன்றின.

புள்ளிகள் உருவமாகா. ஒவ்வொரு புள்ளியின் செறிவிலிருந்தும் அலையின் வீச்சினை அறியலாம். அலைமுகடுகள் ஒன்றற்கொன்று எத்துணை முன்பின்னாக வந்தன என்பது பதிவாவதில்லை. இதனைக் ‘கட்டம்’ என்பர். (சதுரக் கட்டத்தையும் குறிக்கும் இச்சொல்லினும் தக்கதொன்று ஆக்கப்பெறின் நன்றென யாம் கருதுகிறோம்.) பெரூட்சு 1953-இல் ஈமோகுளோபினோடு பாதரச அணுவைப் பிணைத்து, செறிவில் உண்டான வேறுபாட்டைக் கொண்டு, இழந்த கட்டத்தை மீட்க வழிகண்டார். அவரும், மயோகுளோபினின் உருவங்கண்ட கெண்ட்ரூவும் 1962-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கட்டம் மீண்ட பின்னரும் கிடைப்பது எலக்ட்ரான் அடர்த்தி வரைபடமே. அதனுள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்துவது ஆய்வாளர் செயல். பிழை புகுதற்கும் இடமுண்டு. பிழைபட்ட உருவை நம்பி வகுக்கும் மருந்து பயன்படாது. ஆதலின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தில் இட்டு, சங்கிலி இயலாக் கோணங்களில் மடங்கியுள்ளதா என இன்றும் உலகெங்கும் சோதிக்கின்றனர்.

மருந்தாக்கத்துக்கு எச்.ஐ.வி. வைரசின் புரோட்டியேசு நொதி நல்ல சான்று. 1989-இல் அதன் உருவம் வெளியாயிற்று. 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரேவகைச் சங்கிலிகள் இரண்டு இணைந்தது அது. அவை கூடுமிடத்துப் பள்ளத்திலேதான் புரதத்தை வெட்டும் தொழில் நிகழ்கிறது. அப்பள்ளத்தை அடைக்கும் மருந்துகளுள் முதலாவதாகச் சாக்குவினாவிர் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உருவமே இம்மருந்தை ஈன்றது என்பது மிகை. நொதி வெட்டும் பகுதியின் வேதியமைப்பை ஒட்டிய சிந்தனைக்கும் அதிற் பெரும்பங்குண்டு. ஆயின், வைரசு மருந்துக்கு அடங்காதவாறு மாறியபொழுது, எவ்வமினோ அமிலம் மாறியதால் மருந்தின் பிடி தளர்ந்தது என்பதை, நொதியும் மருந்தும் சேர்ந்த படிகங்களே அணு அளவிற் காட்டின.