சூடானால் நிற்கும் கார்: கிராங்க் சென்சாரைப் பிடிப்பது எப்படி?

ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நிற்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சமர்த்தாக ஓடுகிறது. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இந்த ஜாதி நல்லாவே தெரியும்: பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் பக்.

இந்த மாதிரி கேஸில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரை. கட்டைவிரல் அளவு சாமான்தான். ஆனால் 2003-ல் இந்த சென்சார் கோளாறுக்காக நிசான் உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

கிராங்க்‌ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல கார்களில் 60 பல்லுக்கு இடம் விட்டு 58 பல்தான் வைத்திருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பல் இல்லாத அந்தப் பொக்கைதான் அடையாளம். ஒரு சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அதை வைத்துத்தான் ஈசியூ கண்டுபிடிக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2900 துடிப்பு. எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். துடிப்பு வரவில்லை என்றால் ஒன்று இன்ஜின் நின்றிருக்க வேண்டும், இல்லை சென்சார் செத்திருக்க வேண்டும். ஈசியூ பொதுவாக முதலாவதையே நம்பும். பாதுகாப்புக்காக ஃப்யூயல் பம்ப்பையும் நிறுத்திவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் வரவில்லை. பழி பம்ப் மேல் விழுகிறது. என் காருக்கும் ஒரு இடத்தில் பம்ப்பை மாற்றினார்கள். அடுத்த வாரம் பாடி மேம்பாலம் ஏறும்போது மறுபடி நின்றது.

ஸ்கேனரில் கோடு வரவில்லை என்பதால் சென்சார் நல்லாயிருக்கு என்று முடிவு கட்ட முடியாது. கேம் சென்சார் துடிக்கும்போது கிராங்க் சென்சார் மௌனமாக இருந்தால்தான் பல கார்களில் பி0335 பதிவாகும். ஒரு கணம் விட்டு வந்தால் தடயமே இருக்காது.

அதனால் கோடை விட்டுவிட்டு ஆர்பிஎம்மைப் பாருங்கள். ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். நின்ற சூட்டோடு, ஆறவிடாமல், செல்ஃப் அடிக்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் சென்சார், அதன் ஒயர், கனெக்டர் மூன்றில் ஒன்று. 200, 250 என்று காட்டினால் வேறு இடத்தில் தேடலாம். திருமங்கலம் சிக்னல் தாண்டி ஓரங்கட்டி நான் பார்த்தபோது காட்டியது பூஜ்யம்.

அடுத்தது மல்டிமீட்டர். இரண்டு ஒயர் சென்சாரில் உள்ளே இருப்பது வெறும் காயில். அதன் ஓம்ஸை ஆறியபோது ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை அளந்து, சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். வெட்டுப்பட்ட காயில் கம்பி சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். என்னுடையது சூட்டில் ஓப்பன். மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை. அதில் ஓம்ஸ் பார்க்கக் கூடாது. சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்ட்டில் பாருங்கள். புது சென்சார் வாங்குவதற்கு முன்னால் எலி கடித்த ஒயர், கனெக்டரில் எண்ணெய், காந்த முனையில் ஒட்டிய இரும்புத்தூள் எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும். இந்த ஒரு சாமானை மட்டும் புதுப்பேட்டையில் பழசாக வாங்காதீர்கள். கடையில் ஆறிய நிலையில் சோதித்தால் செத்ததும் நல்லதாகத்தான் தெரியும்.

முக்கியமான விஷயம்: மதுரவாயல் பைபாஸில் 80-ல் போகும்போது இப்படி நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். "ஆறினா சரியாயிடுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.