கட்டடக்கலைஞர் என்னும் பெயரும் அதன் பொறுப்பும்

கிராமத்தில் ஒரு கட்டடம் எழும்புகிறதென்றால் முதலில் நினைவுக்கு வருபவர் கொத்தனார், அடுத்து தச்சர், பொதுக் கட்டடமாயின் ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர். ஆர்க்கிடெக்ட் எனப்படும் கட்டடக்கலைஞர் நகரத்துச் செல்வர்க்கே உரியவர் என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக ஊன்றியிருக்கிறது. ஆனால் இன்று சாலையோரச் சிற்றூர்களிலும் திருமண மண்டபங்களும், தனியார் பள்ளிகளும், மாடி வீடுகளும் எழும்பி வருவதைக் காண்கிறோம். அவற்றிற்கு வரைபடம் வகுத்துத் தருவதாகப் பெயர்ப்பலகை இட்டிருப்போரும் பலர். அப்பலகையில் காணும் பெயருக்குச் சட்டம் என்ன மதிப்பு அளித்திருக்கிறது, அப்பெயரைத் தாங்கியவர் தவறிழைத்தால் கேட்பவர் யார் என்பனவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

கட்டடம் இடியாமல் நின்றால் போதும் என்று கருதுவோர் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் அடுப்பின் தீ ஓலைக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். மாடியிலிருந்த பிள்ளைகள் விரைந்து வெளியேறத் தக்க வழி அங்கே இல்லை. அடுப்பு எங்கே அமைய வேண்டும், படிக்கட்டு எத்துணை அகலம் இருக்க வேண்டும், கதவு எப்பக்கம் திறக்க வேண்டும் என்பன எல்லாம் செங்கல் இறங்குமுன்பே வரைபடத்தில் முடிவாக வேண்டியவை. வரைபடம் வகுப்பவரின் கையில் உயிர்கள் இருக்கின்றன என்று நாம் சொல்வது மிகையன்று.

இந்தியாவில் இத்தொழிலுக்கு ஒரு சட்டம் 1972-இல்தான் வந்தது. கட்டடக்கலைஞர்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி நாடு முழுமைக்கும் ஒரே கவுன்சில், ஒரே பதிவேடு. மாநிலந்தோறும் தனிப் பதிவேடு கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மாநில அரசும் ஒரு கட்டடக்கலைஞரை அக்கவுன்சிலுக்கு நியமிக்கிறது. இந்தியக் கட்டடக்கலைஞர் கழகத்தார் தேர்ந்தெடுக்கும் ஐவர், கல்லூரித் தலைவர்கள், மத்திய அரசுத் துறைகளின் தலைமைக் கட்டடக்கலைஞர்கள், பொறியாளர் நிறுவனத்தின் பிரதிநிதிகள் ஆகியோரும் அதில் அமர்கின்றனர். கட்டடத்தில் குடியிருக்கும் பொதுமக்களின் பிரதிநிதி என்று எவருக்கும் தனியே இடம் ஒதுக்கப்படவில்லை. இதை நாம் ஒரு குறையாகவே கருதுகிறோம்.

பதிவேட்டில் பெயர் ஏறும் வழி எளிதன்று. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பை முடிக்க வேண்டும். கல்லூரிகளின் தரத்தைப் பார்வையிடுவதும் அதே கவுன்சில்தான். பதிவானவருக்கு ஓர் எண் வழங்கப்படும். ‘சிஏ’ என்ற இரண்டு எழுத்துகள், பதிவு பெற்ற ஆண்டு, வரிசை எண் என மூன்று பகுதிகள் அதில் அடங்கும்.

பதிவு பெற்றோர் ஒழுக வேண்டிய விதிகள் 1989-இல் வகுக்கப்பெற்றன. வேலை பிடித்துத் தருவதற்காகத் தரகு கொடுப்பதோ வாங்குவதோ கூடாது. வேறொரு கட்டடக்கலைஞர் ஏற்றிருக்கும் பணியைத் தட்டிப் பறிக்கலாகாது. தம் தொழிலைத் தாமே விளம்பரம் செய்துகொள்ளலாகாது. நம் ஊர்களில் சிமெண்டுக் கடைக்கும், கம்பிக் கடைக்கும், வரைபடம் வகுப்போருக்கும் இடையே நிலவும் கொடுக்கல் வாங்கலை அறிந்தவர்களுக்குத் தரகு பற்றிய விதியின் அருமை விளங்கும். விதியை மீறியவர் மீது புகார் வந்தால், முகாந்திரம் உள்ளதா என்று கவுன்சில் பார்க்கும். இருப்பின் விசாரணை நடத்தி, அவர் தரப்பையும் கேட்கும். குற்றம் உறுதியானால் கண்டிக்கலாம், தொழில் செய்வதை நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

இனி, நம்மில் பெரும்பாலோர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இச்சட்டம் காப்பது பெயரைத்தான், தொழிலை அன்று. பதிவு பெறாத ஒருவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்வது குற்றம். ஆனால் அவர் வரைபடம் வகுப்பதோ கட்டடப் பணியை மேற்பார்ப்பதோ இச்சட்டப்படி குற்றமாகாது. நொய்டா வளர்ச்சி ஆணையத்துப் பதவிகள் தொடர்பாக எழுந்த வழக்கில் 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதனை ஐயமறத் தெளிவாக்கியது. நம் ஸ்தபதிகள் கோயில் எழுப்புவதற்கும், ஓவர்சியர் பள்ளிக்கூடத்திற்கு வரைபடம் இடுவதற்கும் இச்சட்டம் தடையாக நில்லாமை இதனாலேயே. பெயரைத் திருடியவருக்குச் சட்டம் எழுதிய தண்டனையோ முதன்முறை 500 ரூபாய் வரை அபராதம். மறுமுறையாயின் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1972-இல் 500 ரூபாய் பெருந்தொகைதான். இன்று ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலிக்கும் அது ஈடாகாது.

பெயரை மட்டும் காப்பது போதுமா என்ற கேள்வி நமக்கு முன்பே பிறருக்கும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் இப்பொறுப்பு மாநிலங்களைச் சார்ந்தது. இல்லினாய் மாநிலம் 1897-இல் முதன்முதல் சட்டம் இயற்றியது. கலிபோர்னியா 1901-இல் பின்தொடர்ந்தது. கலிபோர்னியாவின் பழைய சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: உரிமம் இல்லாதவரும், ‘நான் கட்டடக்கலைஞர் அல்லேன்’ என்று வாடிக்கையாளரிடம் தெரிவித்துவிட்டு வரைபடம் வகுக்கலாம். 62 ஆண்டுகள் கழித்து 1963-இல்தான் அச்சந்து அடைக்கப்பெற்றது. உரிமமின்றித் தொழில் செய்வதே அதன்பின் குற்றமாயிற்று.

அங்கே உரிமம் பெறப் படிப்பும் பயிற்சியுமாக எட்டு ஆண்டு ஆகும். அதற்கு மேல் நாட்டளவில் ஒரு தேர்வும் மாநிலத்துக்கென ஒரு தேர்வும் உண்டு. மாநில வாரியத்தின் பத்து உறுப்பினருள் ஐவர் கட்டடக்கலைஞர், ஐவர் பொதுமக்கள். வேலை தொடங்குமுன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தாக வேண்டும். உரிம எண்ணும், செய்யும் பணியும், ஊதியமும், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் முறையும் அதில் இருத்தல் வேண்டும். இத்துணைக் கண்டிப்பான சட்டமும் இரண்டடுக்குக்கு மேற்படாத மரச்சட்டத் தனி வீட்டுக்கும், உழவர்தம் பண்ணைக் கட்டடங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. மாட்டுத் தொழுவத்துக்கு உரிமம் பெற்றவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த வரம்பு நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது. சிறு வீட்டையும் தொழுவத்தையும் விட்டுவிட்டு, பலர் கூடும் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் மட்டுமாவது தொழிலையே காக்கும் சட்டம் நம் நாட்டிலும் வேண்டும் என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், அனுமதி கோரும் வரைபடத்தில் பதிவு பெற்ற வல்லுநர் ஒப்பமிடும் முறையை வகுத்தன. 2024 ஜூலையில் மற்றொரு மாற்றம் வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புக்கு, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, மகிழ்ச்சியே. அதே சமயம், விதிக்கு இணங்கியே கட்டுகிறேன் என்று ஒப்பமிடும் பொறுப்பும் வீட்டுக்காரர் தலையில் வந்திறங்கியது. அந்த ஒப்பத்தை இடுமுன் அவர் நம்பியிருப்பது வரைபடம் வகுத்தவரின் சொல்லை.

ஆதலின் ஊராட்சித் தலைவர்களும் பள்ளி நிர்வாகிகளும் வீடு கட்டுவோரும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் பதிவு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கவுன்சிலின் பட்டியலில் அவ்வெண்ணை இணையத்தின் வழியாக எவரும் சரிபார்க்கலாம்; ஊர் நூலகத்திலோ இ-சேவை மையத்திலோ உதவி கேட்டால் சிறு பொழுதில் முடியும் வேலை. நம் சட்டம் வற்புறுத்தாவிடினும், கலிபோர்னியர் செய்வதுபோல் ஊதியத்தையும் பணியையும் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளலாம். எத்தனை வரைபடம் தருவார், கட்டும்போது எத்தனை முறை வந்து பார்ப்பார் என்பனவும் அதில் இருக்கட்டும்.

பதிவு பெற்றவர் தவறினால் புதுதில்லியிலுள்ள கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். பதிவு பெறாதவர் மீது அக்கவுன்சில் இத்தகைய விசாரணை நடத்த இயலாது. அவரால் நேர்ந்த இழப்புக்கு நுகர்வோர் ஆணையத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே.