தூக்கி நிறுத்தும் கைகள்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோப்புகளில் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவோடு உணர்வும் போய்விடலாம். படுக்கைப் புண் வலிக்காது. அழுகி உயிரையே கொண்டுபோகும். அவருக்கு விளையாட்டு எதற்கு என்பீர்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து பந்து எறிந்து பலப்பட்ட கைகள்தான் அடிக்கடி உடலை ஊன்றித் தூக்கிப் புண் வராமல் காக்கின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் தாமாகவே மாற உதவுகின்றன. மனைவியைக் கூப்பிடாமல் போய்வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்!

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 1948-இல் காயமடைந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு நம் பக்கத்தார் வேலூர்வரை போகவேண்டியதில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1975-இல் கழுத்தில் அடிபட்டுச் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் படுத்திருந்தால் வீட்டாரிடம் சொல்லுங்கள்.