நாடாக் கட்டையில் ஒரு மடக்குக் கத்தி

எங்க வீட்டுத் தறிக்கு மேலே எப்பவும் ஒரு கத்தி இருக்கும். கடையில் வாங்கினது இல்லை. உடைந்த ஆக்சா பிளேடை ஒரு பக்கம் சாணை பிடித்து, மறுபக்கம் துணி சுற்றியது. தார்க்குச்சி சீவ, கயிறு அறுக்க, எல்லாத்துக்கும் அதுதான்.

போன வருஷம் அது நழுவிப் பாவு மேலேயே விழுந்தது. ஐம்பது அறுபது இழை போச்சு. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் திரும்பக் கோக்க அப்பாவுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. "மடக்கி வைக்கிற மாதிரி ஒண்ணு செய்யேன்டா" என்றார். என் பொழுதுபோக்கு அங்கே ஆரம்பித்தது.

முதலில் இரும்பு. கத்திக்குக் கார்பன் அதிகமுள்ள எஃகு வேண்டும். சுலபமாகக் கிடைப்பது பழைய அரம். ஆனால் சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே சாதா இரும்பு. ஒரு துண்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, சுத்தியலால் தட்டிப் பாருங்க. கண்ணாடி மாதிரிப் படக்கென்று உடைந்தால் நல்ல எஃகு. வளைந்தால் வேண்டாம்.

நல்ல அரத்தைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் அறுக்கலாம், துளை போடலாம். அரத்தின் பல் வரிகளை மட்டும் சுத்தமாகத் தேய்த்து எடுத்துடணும். விட்டுவைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

வடிவம் வந்ததும் மறுபடி காய்ச்சணும். எவ்வளவு சூடு என்று பார்க்கக் காந்தம் போதும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. அதற்குமேல் கொஞ்சம், 800 டிகிரி வாக்கில், வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்கணும். எண்ணெய் தீப்பிடிக்கலாம், அதனால் இரும்புப் பாத்திரமும் மூடியும் பக்கத்தில் இருக்கட்டும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முக்கி எடுத்தவுடன் எஃகு ரொம்பக் கடினமாக இருக்கும், அதே அளவு நொறுங்கவும் செய்யும். அதை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூடாக்கி முறுக்கைத் தணிக்கணும். தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். முதல் கத்தி சிமென்ட் தரையில் விழுந்து இரண்டாகப் போனது.

இரண்டாவது கத்தியை முறையாகச் செய்தேன். ஆனால் ஸ்பிரிங் வைக்கவில்லை. ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தி அப்படித்தான், ஆணியின் இறுக்கமே அதைப் பிடித்து வைக்கும். ஒரு மாசத்தில் ஆணி தேய்ந்து, பையிலேயே திறந்துகொண்டது. பழைய ஆபத்து திரும்பவும் வந்த மாதிரிதான்.

மூன்றாவதில் முதுகு ஸ்பிரிங் போட்டேன். கைப்பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை. அதன் பின்முனையிலும் நடுவிலும் ஆணி, முன்முனை கத்தியின் அடிப்பாகத்தை அழுத்தியபடி இருக்கும். அந்த அடிப்பாகத்தைச் சதுரமாக வெட்டணும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பட்டை ஒரு தட்டையான பக்கத்தில் உட்கார்ந்துவிடும். நடுவில் திருப்பும்போது மூலை பட்டையைத் தூக்கும், அந்த எதிர்ப்பால்தான் கத்தி தானாகத் திறக்காது. பட்டையை 300 டிகிரி வரை, நீல நிறம் வரத் தணிக்கணும், இல்லையென்றால் உடையும். இது பூட்டு இல்லை என்பதை மறக்காதீங்க. முனையால் குத்தினாலோ முதுகுப் பக்கம் அழுத்தினாலோ விரல் மேல் மடங்கும்.

ஆணி 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. அடித்து இறுக்கும்போது கத்திக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு காகிதம் வைத்து, முடிந்ததும் உருவிவிடுங்க. அந்த இடைவெளி இருந்தால்தான் கத்தி சுலபமாகத் திரும்பும். கைப்பிடிக்குத் தேய்ந்துபோன நாடாவை அறுத்துப் பயன்படுத்தினேன். வருஷக்கணக்கில் கை பட்டு வழவழப்பான மரம், பாலிஷே தேவைப்படவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு, விவசாய, தொழில் வேலைக்காகச் செய்யப்படாத கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். என்னுடையது இரண்டு அங்குல நீளம்தான். ஆனாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீங்க.

அப்பா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறிப் பார்த்தார். திறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில், "நகம் வைக்கிற பள்ளம் சின்னதா இருக்கு, என் கட்டைவிரலுக்குப் பத்தல" என்றார். நாலாவது கத்தியில் அதைச் சரி செய்துகொண்டிருக்கிறேன். பழைய ஆக்சா பிளேடு இப்போது தறிக்கு மேலே இல்லை.