பேசும் உரிமைக்கு எல்லை எது?

பேச்சுச் சுதந்திரம் என்றால் நினைத்ததை எல்லாம் பேசிவிடலாமா? சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டு என்று அது முதலில் உறுதி கூறுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நன்னெறி முதலிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் அந்த உரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்றும் அடுத்தபடியாகச் சொல்கிறது.

இந்த வரம்பு ஏன்? 1964 ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதற்கு முந்திய வாரங்களில் மேடைகளிலும் நாளிதழ்களிலும் இன உணர்வு தூண்டிவிடப்பட்டிருந்தது. முதலில் சொல் வந்தது. கத்தியும் கல்லும் பிறகுதான் வந்தன.

2005ஆம் ஆண்டில், மலாய், முஸ்லிம் சமூகத்தை இழித்து இணையத்தில் எழுதிய மூவர் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு ஒரு மாதச் சிறை. இன்னொருவருக்கு ஒருநாள் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும். மூன்றாமவர் 17 வயது இளையர். அவரை நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. மலாய்ச் சமூகத்தினரிடையே சேவை செய்யவும் பணித்தது.

ஆனால், சிறுபான்மைச் சமூகத்திற்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. இந்தியர் என்பதால் வாடகைக்கு வீடு தர மறுக்கிறார்கள் என்று ஒருவர் முறையிட்டால், அதுவும் இனப் பேச்சாகிவிடுமா? ஆகாது. இனங்களுக்கிடையே கசப்பை உண்டாக்கும் குறையை, அது நீங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு சுட்டிக்காட்டுவது நிந்தனை அல்ல என்று அந்தப் பழைய சட்டமே விலக்களித்திருந்தது. வீடு தர மறுத்த செயலைக் கண்டிக்கலாம். மறுத்தவரின் இனமே இப்படித்தான் என்று பழிக்கத் தொடங்கும்போதுதான் எல்லை மீறப்படுகிறது.

காலனித்துவக் காலத்திலிருந்து வந்த தேச நிந்தனைச் சட்டம் 2022ல் ரத்தானது. 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தண்டனை மட்டுமின்றி, புண்படுத்தியவர் புண்பட்ட சமூகத்தை அறிந்து உறவைச் சீர்செய்யும் சமூக முயற்சிகளுக்கும் அது இடமளிக்கிறது.

நம்மைப் பிறர் இழித்துப் பேசாதிருக்கச் சட்டம் வேண்டும். நம் குறையை நாம் அச்சமின்றிச் சொல்லச் சுதந்திரமும் வேண்டும். இவற்றில் ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க முடியாது. குறையைச் சொல்லத் தயங்க வேண்டாம். அதைச் சொல்லும்போது ஓர் இனத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம்.