பாலேக் காலணியும் பாத அளவும்

வளரும் பிள்ளைகளுக்குச் செருப்பைச் சற்றுப் பெரிதாக வாங்குவதும், அக்காள் அணிந்ததைத் தங்கைக்குக் கொடுப்பதும் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். சிக்கனத்துக்கு உகந்த வழக்கந்தான். ஆனால் அணுசக்தி நகரில் எங்கள் அண்டை வீட்டு அம்மையார், பாலே நடனம் பயிலும் தம் மகளின் முதற் காலணியையும் ஓர் அளவு கூட்டி வாங்க முற்பட்டபோது, ஆசிரியை உறுதியாக மறுத்துவிட்டார். அதன் காரணம் அறியத்தக்கது.

பரத நாட்டியத்தில் வெறும் பாதம் தரையைத் தட்டுகிறது. பாலேயிலோ நர்த்தகி கால்விரல் நுனியில் எழுந்து நிற்கிறாள். 1832-இல் பாரிஸ் நகரில் மேரி டாக்லியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடிப் புகழ் பெற்ற காலத்தில், அதற்கென அணிந்தவை மெல்லிய பட்டுச் செருப்புகளே. நுனியை நூலோட்டித் தைத்து உறுதி செய்துகொள்வார்கள். பின்னர் வந்த காலணியின் நுனியில், துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கி உலர்த்திய கெட்டியான கூடு ஒன்று உண்டு. அடியிலுள்ள விறைத்த தட்டை பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. கூட்டின் சுவர்கள் பாதத்தை நாற்புறமும் பற்றி ஏந்த வேண்டும். காலணி பெரிதாயின் பாதம் உள்ளே வழுக்கி இறங்கும். உடலின் பாரம் பெருவிரல் நுனியில் விழும். நகம் கன்றும், கணுக்கால் பிறழவும் கூடும். சிறிதாயின் விரல்கள் மடங்கி நசுங்கும். வளர்ச்சிக்கென இடம்விட இங்கே வழியில்லை.

அளவு பார்ப்பதற்குப் பிற்பகலே ஏற்றது; நடந்து திரிந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். முதலில் தரையில் நேராக நிற்கவேண்டும். விரல்கள் நீண்டு கூட்டின் முனையைத் தொடவேண்டும், மடங்கலாகாது. முழங்காலை மெல்ல மடக்கினால் விரல்கள் முனையில் சற்று அழுந்தும். பிறகு எதையேனும் பற்றிக்கொண்டு நுனியில் எழும்போது, குதிகாலில் துணி ஒரு சிட்டிகை அளவே தளரலாம். நீளம் ஒத்திருந்தும் அகலம் ஒவ்வாமற் போவது மிகுதி. விரல்களின் நீளம், வளைவின் உயரம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் வரவழைப்பது, முதல் இணைக்கேனும், தவறு என்பது என் அபிப்பிராயம். ஒருத்தியின் பாதத்துக்குப் படிந்துவிட்ட காலணி மற்றொருத்திக்கு உதவாது.

உலகப் புகழ் பெற்ற அன்னா பாவ்லோவாவின் பாதம் மிக உயர்ந்த வளைவுடையது; அவர் தம் காலணிகளைத் தோல் சேர்த்து வலுப்படுத்திக்கொண்டார் என்பர். அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடந்தான் நம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். சொந்த நாட்டுக் கலையை நாடும்படி பாவ்லோவா ஊக்கியதும், 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் பலரும் அறிந்தவை.

மும்பை வாசிகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு: மழைக்காலம். ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பசை இளகிக் கூடு தளர்ந்துவிடும். ஆடி முடித்ததும் பைக்குள் திணிக்காமல் காற்றாட உலர்த்தவேண்டும். தளர்ந்த காலணி, புதிதாய்த் தோன்றினும், கழிக்கத்தக்கதே.

அளவுக்கு முன் ஆயத்தம் ஒன்றும் வேண்டும். பாத எலும்புகள் முற்ற ஆண்டுகள் பல ஆகும். சில ஆண்டுப் பயிற்சியால் கணுக்காலும் இடுப்பும் உரம் பெற்றபின்னரே, பொதுவாகப் பதினோரு பன்னிரண்டு வயதுக்குமேல், நுனியில் எழுப்புகிறார்கள். அண்டை வீட்டுச் சிறுமிக்கு வயது ஒன்பது. பெரிய காலணி வேண்டாம் என்ற ஆசிரியை, சரியான அளவுடையதும் இப்போது வேண்டாம் என்றார். அவள் இரண்டு நாள் அழுதாள். இப்போது மென்செருப்பணிந்து குதிகாலுயர்த்திப் பழகிவருகிறாள்.